கரையில் யோக்கியன்

எங்கள் விசைப்படகின் இஞ்சின் போன பிறவியில் லாரியில் இருந்தது. ஆறு சிலிண்டர் டீசல். கியர்பாக்ஸை மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றி எறிந்து, கடல் தண்ணீரில் சூடு ஆற வழி செய்து படகுக்குள் இறக்கியிருக்கிறார்கள். பாவம், ரோட்டில் ஓடிய காலத்தில் இறக்கம் வந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருக்கும். கடலில் இறக்கமே கிடையாது. கிளம்பினதிலிருந்து கரை சேரும்வரை ஏற்றம்தான். படகில் எனக்கும் மச்சானுக்கும் பாதிப் பாதி. இஞ்சின் அவருடைய பாதியில் இருக்கிறது என்பது என் கட்சி.

பாம்பன் தெற்குவாடியில் கட்டிக் கிடக்கும்போது அந்த இஞ்சினைப் போல் யோக்கியன் கிடையாது. பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். தென்கடலில் கொஞ்ச தூரம் போனதும் இருமும், சுதி இறங்கும், அப்படியே அமர்ந்துவிடும். சற்றுப் பொறுத்து, லைனில் ஏர் எடுத்துவிட்டுத் தட்டினால், எதுவுமே நடக்காதது போல மறுபடி ஓடும். கூட்டிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் பழையபடி யோக்கியன்.

கரையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, “புகை என்ன நிறம்?” கருப்பு என்றால் டீசல் அதிகம், காற்று பத்தவில்லை, இல்லாவிட்டால் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு இஞ்சின் முக்குகிறது. நீலம் என்றால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியே போகிறது, அல்லது உள்ளே தண்ணீர். எங்கள் புகை மாநிறம். ஆகவே ஆளுக்கொரு கட்சி. பம்ப் என்றார் ஒருவர். ஹெட்டைக் கழற்று என்றார் இன்னொருவர். விலை குறைந்த பாகத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. “இஞ்சினை மாத்திரு மாப்பிள்ள” என்று சொன்ன பெரியவர் இஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ராமநாதபுரத்து லாரி ஷெட் ஒன்றிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். இஞ்சினின் முற்பிறவி தெரிந்தவர். ஓடவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினார். தளர்த்தியதும் சத்தம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. குறையாவிட்டால் இத்தனை நாளும் அது ஓசியில் சம்பளம் வாங்கியிருக்கிறது. ஆறும் உழைத்தன. மேஸ்திரியின் முகத்தில் லேசான ஏமாற்றம். ஒரு ஓவராயிலிங் கை நழுவிப் போனதல்லவா.

அடுத்து, ஃபில்டரின் அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் பழுப்பாக ஒரு வழவழப்பு. டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் குடித்தனம் நடத்துகிற கிருமிகளாம். ஆளுக்கு ஆள் டீசல் விலையைத் திட்டிக்கொண்டிருக்க, இவை சத்தமில்லாமல் அதையே சாப்பிட்டுப் பெருகியிருக்கின்றன. தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அலையில் படகு ஆடினால் கலங்கி பைப்புக்குள் ஏறும். டாங்கைக் கழுவினோம், ஃபில்டரை மாற்றினோம். இஞ்சின் தெளிவாகப் பேசியது. கடலுக்குப் போய் மறுபடி அமர்ந்தது.

டீசல் இஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன டிரெஸ்டன் கப்பலிலிருந்து காணாமல் போனார். தற்கொலையா கொலையா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தக் கப்பல் நீராவியில் ஓடியது. மனிதர் விவரமானவர்.

கடைசியில், “கடல்லதான் நிக்கிதுன்னா கடல்லதான் பாக்கணும்” என்று மேஸ்திரியையே படகில் ஏற்றினோம். ஏறும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தென்கடலில் ஏறி இறங்கியதில் காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் மீன்களுக்கு விட்டார். அந்த நேரம் பார்த்து இஞ்சின் இருமியது. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே, “டாங்கி மூடியத் தொறங்க” என்றார்.

மச்சான் திருகினார். உஸ்ஸென்று டாங்க் காற்றை இழுத்தது. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும் அல்லவா? அதற்கான சின்னக் குழாய் அடைபட்டிருந்தது. கரையில் சும்மா ஓடும்போது குடிக்கிற டீசல் கொஞ்சம், அதனால் தெரியவில்லை. கடலில் முழு வேகத்தில் குடிக்கக் குடிக்க டாங்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்தியபோது மண் உதிர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் படகு சும்மா நின்றதில், ஒரு குளவி அந்தக் குழாய்க்குள் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறது. நாங்கள் பெயிண்ட் அடித்ததைப் பார்த்து, தனக்காகத்தான் என்று நினைத்திருக்கலாம்.

மேஸ்திரி கூலியோடு, வாந்திக்குத் தனியாகக் கேட்டார். மச்சான் பேரம் பேசாமல் கொடுத்தார். பாதியை என் கணக்கில் எழுதினார். டாங்க் என்னுடைய பாதியில் இருக்கிறதாம்.