கோப்பை மூடியும் பவர் பிரஸும்

பெறுநர்: உயர்திரு பாதுகாப்புத் துறைத் தலைவர் அவர்கள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை.

பொருள்: தேநீர்க் கோப்பைகளுக்கு மூடி கட்டாயமாக்கப்பட்டமை – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறையின் சுற்றறிக்கைகள் அனைத்தும்.

ஐயா,

மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றாமல் ஏறுவதும் மூடியில்லாத கோப்பையில் தேநீர் ஏந்தி நடப்பதும் எச்சரிக்கைக் கடிதத்துக்குரிய குற்றங்கள் எனத் தங்கள் துறை அறிவித்திருப்பது, தொழிலாளர் நலனில் அதற்குள்ள அக்கறை எவ்வளவு நுட்பமானது என்பதை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியுள்ளது. ஒரு கை கைப்பிடிக்கும் மறு கை கோப்பைக்கும் ஒதுக்கப்பட்ட பின் பதிவேட்டை எதனால் தூக்குவது என்பது மட்டும் விடுபட்டுள்ளது. அடுத்த சுற்றறிக்கை அக்குறையை நீக்கும் என நம்பப்படுகிறது.

இத்தகைய விதிகள் பிறக்கும் இடமாகிய பாதுகாப்புக் குழுவின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்த பின்னர், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. அபாயகரமான செய்முறைகளோ பொருள்களோ உள்ள தொழிற்சாலைகளில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் குழு வேண்டும் என்றும், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் அரசின் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்றும் அத்திருத்தம் வகுத்தது. ஆபத்தை முதலில் அறிபவர் இயந்திரத்தின் முன் நிற்பவரே என்ற எளிய எண்ணம் அதன் அடியில் இருந்தது. அவர் வாய் திறப்பதற்கென ஏற்பட்ட குழு, கோப்பை மூடி பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஆராய்ந்து வருவது, சட்டம் இயற்றியோர் கனவிலும் காணாத முன்னேற்றமாகும்.

'நியர் மிஸ்' முறையும், அதாவது விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியதை அட்டையில் எழுதிக் கொடுத்து அடுத்ததைத் தடுக்கும் ஏற்பாடும், கொள்கையளவில் சிறந்ததே. ஆளுக்கு மாதம் இரண்டு அட்டை கட்டாயம் எனத் தங்கள் துறை இலக்கு வைத்தது முதல், மாதக் கடைசியில் கற்பனை வளம் கரைபுரண்டு ஓடுகிறது. 'தரையில் தண்ணீர் கிடந்தது, துடைக்கப்பட்டது' என்ற ஒரே அட்டை பற்பல கையெழுத்துகளில் வந்து குவிவதைக் காணும் தணிக்கையாளர், ஆலைக்குக் கூரை உண்டா என்றே ஐயுறக்கூடும்.

விபத்துக் கணக்கில் காட்டப்படும் திறமை இதனினும் உயர்ந்தது. தொழிலாளியை 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாமல் ஆக்கும் காயம் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்ல, விரல் நசுங்கியவரை மறுநாளே கம்பெனி வண்டியில் அழைத்து வந்து, கட்டுப் போட்ட கையுடன் பயிற்சி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டில் 'பணியில் உள்ளார்' என எழுதிவிட்டால், வாயிற்பலகையில் விபத்தில்லா நாள்களின் எண்ணிக்கை தடையின்றி ஏறும். (பலகை பூஜ்யத்துக்கு இறங்கினால் எல்லோருடைய ஊக்கத்தொகையும் போகும் என்பதால் காயம்பட்டவரும் வாய் திறப்பதில்லை.)

அவ்விரலை நசுக்கிய பழைய பவர் பிரஸ், அதாவது தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் இயந்திரம், இரு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும் வகையில் அமைக்கப்பட்டது. கைகள் பொத்தானில் இருக்கும்வரை அச்சுக்குள் இருக்க முடியாது. உற்பத்தி எண்ணிக்கை எட்டாத ஒரு ஷிப்டில் ஒரு பொத்தானில் மரத்துண்டு செருகப்பட்டதும், அது இன்றளவும் அங்கேயே இருப்பதும், அதற்கு நேர் மேலே 'வீட்டில் உங்களுக்காகக் குடும்பம் காத்திருக்கிறது' என்ற வண்ணப் பதாகையைக் கட்டிய தங்கள் துறையினரின் கண்ணுக்குத் தப்பியிருக்க நியாயமில்லை.

ஆகவே, அடுத்த குழுக் கூட்டத்தில் மூடி விவகாரம் முடிந்து நேரம் எஞ்சுமாயின், அந்த மரத்துண்டையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அதைப் பிடுங்குவதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படாது. பிடுங்கினால் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் குறையும் என்பதை மட்டும் உற்பத்தித் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
தொழிலாளர் நலம் நாடுவோர்