கரிசல் பருத்தியும் அடிமைக் கணக்கும்

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரை கிடக்கும் மானாவாரிக் காடுகளை அமெரிக்க உள்நாட்டுப் போரோடு இணைத்தது பருத்தி. 1861-ல் வடவர் தென்மாநிலத் துறைமுகங்களை மறித்ததும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து அற்றது. கரிசல் பஞ்சுக்குக் கிராக்கி ஏறித் தூத்துக்குடிக்கு வண்டிகள் ஓடின. 1865-ல் போர் ஓய்ந்தது, விலையும் விழுந்தது.

அந்தப் போருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியப் பஞ்சை வாங்கினால் அமெரிக்க அடிமை முறை நொடித்துப்போகும் என்று ஜார்ஜ் தாம்சன் போன்ற இங்கிலாந்துச் சீர்திருத்தவாதிகள் பேசிவந்தார்கள். அவர்கள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பிரிட்டனின் 1833 அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவையும் இலங்கையையும் விலக்கிவைத்திருந்தது. தஞ்சை நன்செயிலும் மலபாரிலும் நிலம் கைமாறும்போது உழுதவர்களும் கைமாறினார்கள். சென்னை வருவாய் வாரியம் 1819-லேயே இதைப் பற்றிக் கலெக்டர்களிடம் விசாரித்திருந்தது. தெரிந்தேதான் விட்டுவைத்தார்கள்.

அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் மாண்டபின் சுமார் 40 லட்சம் பேருக்கு விடுதலை கிடைத்தது. இங்கே போரே மூளவில்லை. ஏன் என்பதற்கு, இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராகக் கம்பெனி ஆட்சி கொண்டுவந்த 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தைப் படித்தால் போதும். நான்கே பிரிவுகள். அடிமை என்று சொல்லி ஓர் ஆளின் மேல் உரிமை கோரினால் கோர்ட்டு அதைக் கேட்காது. பாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்கக் கூடாது. அடிமை என்பதற்காக ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது. அவரை அடித்தாலும் குற்றம் குற்றமே. ஆனால் ஆளை வைத்திருந்தவருக்குத் தண்டனை இல்லை. அது 1862-ல் தண்டனைச் சட்டம் அமலானபோதுதான் வந்தது. விடுபட்டவருக்கோ ஒரு குழி நிலம்கூட இல்லை. பண்ணையார்கள் எதிர்த்துக் கிளம்புமளவுக்கு அவர்களிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை.

வானம் பார்த்த பூமியின் நிலை வேறு. நன்செயைப் போல ஆண்டு முழுக்க ஆள் கட்டி வேலை வாங்க இங்கே தண்ணீர் கிடையாது. மழை பொய்த்தால் கடன். அந்தக் கடன்தான் ஆளைக் கட்டிப்போட்டது. இராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடு போனார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பாக்கி எழுதிய 'துண்டு' சீட்டு தேவை. புதிய துரை அதைத் தீர்த்தால்தான் ஆள் நகர முடியும். அந்த முறை 1921-ல்தான் ஒழிந்தது. அமெரிக்கத் தெற்கிலும் விடுதலைக்குப்பின் கறுப்பின வாரக்குடிகளை இப்படிக் கடைக்கடன்தான் வளைத்தது.

ஆகவே 1843-ஐவிட 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அது கணக்குப் புத்தகத்தின் மேலேயே கை வைத்தது: அந்தக் கடன் செல்லாது; அதைத் திருப்பி வாங்கினால் மூன்றாண்டுவரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லித் தமிழக நூற்பாலைகள் சில இளம்பெண்களை மூன்றாண்டு விடுதிக்குள் வைத்த 'சுமங்கலித் திட்டம்' நம் காலத்தில்தான் நடந்தது. முன்பணத்துக்காக அடைபட்டவர் அதை அடைத்துவிட்டு வெளியேற வேண்டியதில்லை. விசாரித்து விடுதலைச் சான்று தருவது கோட்டாட்சியரின் கடமை. பாளையம்பட்டிக்காரருக்கு அந்த அலுவலகம் பக்கத்தில் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது.