வேஸ்ட் எங்கே கிடைக்கும்?

எங்கள் வீட்டில் வேஸ்ட் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளின் பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டி வைத்தபோதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று புரிந்தது.

ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தால் உள்ளே உளுத்தம்பருப்பு. ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு. பிஸ்கட் டின்னில் ஊசி, நூல், எந்தச் சட்டைக்கும் பொருந்தாத பொத்தான்கள். பழைய பனியன் ஸ்கூட்டர் துடைக்கும் பணியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் மளிகைக் கணக்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பால் கவருக்கு அரசு விலக்கு கொடுத்தது. அம்மா கொடுக்கவில்லை. கழுவி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, எடைக்குப் போடச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"உளுந்தைக் கொட்டிட்டு பாட்டிலைத் தரட்டுமாடா?" என்றாள். தருகிற குரலாக இல்லை.

யூடியூபைத் திறந்தேன். வெள்ளைக்காரக் கைவினை வீடியோக்களில் பெரும்பாலானவை டாய்லெட் பேப்பர் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழலில்தான் தொடங்குகின்றன. நாமோ வாளியும் மக்கும் வைத்து வாழ்கிறவர்கள். குழலுக்கு எங்கே போவது? ஸ்டேஷனரி கடைக்குத்தான். "வேஸ்ட் ஐட்டம்தானே சார்? அந்த ரேக்குல பாருங்க" என்றார் கடைக்காரர். யார் நாக்கும் படாத ஐஸ் குச்சிகள் வண்ணம் பூசிப் பாக்கெட்டில் இருந்தன. அட்டைக் குழலும் இருந்தது. எல்லாம் புத்தம்புது வேஸ்ட். ஜி.எஸ்.டி. பில்லும் கொடுத்தார்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதற்கெல்லாம் போட்டி வைக்கவில்லை. தின்று முடித்த நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். இரண்டு தீப்பெட்டிக்கு நடுவே நூல் கட்டினால் போன்; நூல் தொய்ந்தால் அதிர்வு போகாது, லைன் கட். எதிர்முனையில் இருப்பவன் கத்தியது நேரிலேயே கேட்டது வேறு விஷயம்.

இந்த மாதிரிச் சாமான்களை வைத்தே அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1970களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனவர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவியலைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகளோடு உட்கார்ந்து செய்து பார்த்தேன். மூன்று குச்சி முக்கோணம் அமுக்கினாலும் அசையவில்லை. நான்கு குச்சிச் சதுரம் லேசாகத் தொட்டாலே சாய்ந்தது. "அப்பா, இது மயக்கம் போடுதுப்பா!" என்று அவள் திரும்பத் திரும்ப அதைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். என்னைக் கேட்டால் போட்டிக்கு அதுவே போதும்.

"இதுக்கெல்லாம் பிரைஸ் தருவாங்களா?" என்றாள் மனைவி. ஆகவே குழல்கள், ஐஸ் குச்சி, கோந்து, ஜிகினா. நள்ளிரவில் ஒரு பேனா ஸ்டாண்ட் உருவானது. செய்ய வேண்டியவள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் பள்ளியில் பார்த்தால், ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஒரு பொடியன் ஐஸ் குச்சியில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி வந்திருந்தான், கலசம் உட்பட. ராஜராஜனுக்கே சிற்பிகள் தேவைப்பட்டார்கள். முதல் பரிசு அவனுக்குத்தான். அவன் அப்பா கண் சிவந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பேனா ஸ்டாண்ட் வீட்டுக்குத் திரும்பியது. பேனாக்கள் ஏற்கெனவே ஓவல்டின் டப்பாவில் குடியிருப்பதால் அதற்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தபோது தராசில் வைத்தேன். அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"கோந்தும் ஜிகினாவும் ஒட்டினா யாரும் எடுக்க மாட்டாங்க சார். வெறும் அட்டையா இருந்தப்பவே போட்டிருந்தா காசாவது கிடைச்சிருக்கும்."