சிம்மை மட்டும் தொடாதே!

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் புது போன் வாங்கினோம். விலை, நிறம், கேமரா எல்லாம் அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. "பழைய சிம்மையே போடுறதா, புதுசு வாங்குறதா?" என்ற இடத்தில்தான் சபையில் அமளி.

"புதுப் புடவைக்குப் பழைய ஜாக்கெட்டா?" என்ற ஒரே கேள்வியில் என் மனைவி தன் வாதத்தை முடித்துக்கொண்டாள். அப்பா விடுவதாக இல்லை. "பேங்க், கேஸ், ரேஷன் கார்டு, பென்ஷன் எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான் குடுத்திருக்கேன். தொடாதே!" சிம் மாறினாலும் நம்பர் மாறாது என்றேன். "அதெல்லாம் கடைக்காரன் சொல்றது" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

1991இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் சிம் பிறந்தபோது அது ஏடிஎம் கார்டு அளவு இருந்தது. அப்புறம் மினி, மைக்ரோ என்று இளைத்து, நானோவில் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. இளைத்ததில் பெரும்பங்கு சுற்றியிருந்த பிளாஸ்டிக்தான். போன் மட்டும் வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகிறது.

அப்பாவுடையது வெட்டுப்பட்ட சிம். எந்தக் காலத்திலோ பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டரில் வைத்து 'டக்'கென்று நறுக்கியது. நானோ சிம் தடிமனிலும் கொஞ்சம் குறைவு என்பதால், கடைக்காரர் அதை உப்புத்தாளில் தேய்த்து வேறு கொடுத்திருந்தார். ஒரு ஓரம் கோணல், இன்னொரு ஓரம் பிசிறு. ட்ரேயைத் திறக்கிற ஊசி வழக்கம்போலக் காணோம். ஊக்கு நுழையவில்லை. மகளின் தோட்டுக் கம்பிதான் கைகொடுத்தது.

"என் போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் அப்பா. சிம்முக்குள் போட்டோ கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. நாம் யார் என்று கம்பெனிக்குச் சொல்கிற அடையாள எண், அதற்கொரு ரகசியச் சாவி, கொஞ்சம் போன் நம்பர்கள், அவ்வளவுதான். அப்பாவின் சிம்மில் 'பால்', 'பால் புதுசு', 'பிளம்பர் வரமாட்டான்' ஆகியோர் குடியிருந்தார்கள். அவர்களை முதலில் கூகுள் கணக்குக்குக் குடிமாற்றினேன்.

"5ஜி போனுக்கு 5ஜி சிம் வேணும் சார்" என்றான் கடைப் பையன். அது தேவையில்லை. 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தபோதே, கையிலிருக்கும் 4ஜி சிம் போதும் என்று ஏர்டெல்லும் ஜியோவும் சொல்லிவிட்டன. ஆனால் அப்பாவின் சிம் 4ஜிக்கும் முந்தைய பரம்பரை. புது போனில் போட்டதும் சிக்னல் பக்கத்தில் 'ஈ' என்று ஓர் எழுத்து வந்தது. இன்டர்நெட்டும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஆதாரைக் காட்டி, போட்டோ எடுத்து, புது சிம் வாங்கினோம். நம்பர் அதேதான். ஆனால் மோசடிக்காரர்கள் நம் பெயரில் சிம் வாங்கி ஓடிபியைச் சுருட்டாமலிருக்க, மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. பென்ஷன் வந்ததா என்று பார்க்க அப்பா தேர்ந்தெடுத்தது அந்த 24 மணி நேரத்தைத்தான். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தெருவே கேட்கச் சொன்னார்.

உங்களுடையது 4ஜி சிம்மா, ட்ரேயில் ஒழுங்காக உட்காருகிறதா? அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். பழசோ, வெட்டியதோ என்றால் மாற்றிவிடுங்கள். கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளன்று மட்டும் வேண்டாம்.