பேச்சு வந்தால் நடை நிற்கும்

ஒரே வேளையில் நூறு காரியங்களில் சித்தத்தைச் செலுத்தும் சதாவதானத்தை, 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்திக் காட்டிய இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலருக்கு அப்போது பிராயம் 32. இடலாக்குடிக்கு வடக்கே நெல்லையில், தாமிரபரணியில் ஸ்நானம் முடித்துக் குறுக்குத்துறைப் படியேறி வரும் நம் பென்ஷன் கனவான்களோ, “என்ன அண்ணாச்சி, பாவநாசம் அணையில தண்ணி எவ்வளவு?” என்று எதிரே வருபவர் வினவிய மாத்திரத்தில் கால்களை நிறுத்திவிட்டு, கார் சாகுபடி முதல் கடைமடைப் பாசனம் வரை விசாரித்துத் தீர்ந்த பின்னரே அடுத்த அடியை எடுத்து வைக்கிறார்கள். மூப்பில் இப்படிப் பேச்சுக்காக நடை நிற்பது தடுக்கி விழுவதற்கு முன்னறிகுறியாகலாம் என்பதும், இடைவிடாத அப்பியாசத்தால் அதனை ஒருவாறு சீர்ப்படுத்தலாம் என்பதும் வைத்திய சாஸ்திரிகளின் அபிப்பிராயம். அப்பியாசத்தில் நம்மவர்கள் லவலேசமும் குறை வைப்பதில்லை. நாள் தவறாமல் செய்கிறார்கள், பேச்சில் மட்டும்.