காத்தாடப் போயிருக்கு, வே!

பாளையங்கால்வாய்க் கரையோரத் தெருக்களில் குதிரைக்கார அண்ணாச்சி வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம். வாசலில் செம்பருத்தி மொட்டையாக நிற்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். எந்த வீட்டுச் செம்பருத்தி மட்டும் தழைத்துப் பூத்திருக்கிறதோ, அதுதான் அண்ணாச்சி வீடு. குதிரை மற்ற வீடுகளில்தான் மேயும்.

அண்ணாச்சியின் தாத்தா ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்ததும் ஜட்கா போனது, வண்டி விறகானது, குதிரை வம்சம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அண்ணாச்சிக்குப் பிழைப்பு பழைய இரும்புக் கடையில். குதிரையால் வருமானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வருஷத்துக்கு நாலு மாப்பிள்ளை அழைப்பு, ஒரு கோயில் கொடை. மிச்ச நாளெல்லாம் அது தின்னும், திட்டம் போடும்.

குதிரை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். மட்டக்குதிரைதான், முதுகு என் நெஞ்சுக்குக்கூட வராது. ஆனால் அதன் மேலுதடு இருக்கிறதே, அதை விரல் என்றுதான் சொல்லவேண்டும். ஒருநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முளைக்குச்சியில் போட்டிருந்த முடிச்சை முதலில் மோந்தது. பிறகு உதட்டால் நெருடியது. பாட்டிமார் சுருக்குப் பையை நெருடுவார்களே, அதே பதம். ஒரு வளையம் இளகியதும் பல்லால் கவ்வி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கயிறு விழுந்த பிறகும் உடனே ஓடவில்லை. தலையைத் திருப்பி, 'நீ ஒண்ணும் பாக்கலை, என்ன?' என்பதுபோல என்னைப் பார்த்தது. நானும் பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து, மனசு கேட்காமல் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, குதிரை அவுந்துட்டு!"

"யாரு சொன்னா? காத்தாடப் போயிருக்கு, வே!"

"நாத்தங்கால்ல நிக்கி அண்ணாச்சி."

"அங்கதானவே காத்து நல்லா வரும்."

பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருந்தவர் கம்போடு வந்து சத்தம் போட்டபோதுதான் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "சவத்து மூதி! இன்னைக்கு உன்ன வித்துட்டுதான் மறுவேலை!" தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வைதார். சாயங்காலம் டீக்கடையில் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே. "மூணு முடிச்சுவே. மூணையும் அவுத்துட்டான்!" பையன் பத்தாம் வகுப்பில் ஜில்லாவிலேயே முதலாக வந்த தகப்பன்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்த மாட்டார்.

பிடிப்பது தனிக் கலை. தெருவே திரண்டு வளைக்கும். ஒருத்தர் துண்டை வீசுவார், ஒருத்தர் பைக்கில் விரட்டுவார். குதிரைக்கு அது விளையாட்டு. துரத்தத் துரத்த உற்சாகம். அண்ணாச்சி காப்பியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, டப்பாவில் ஒரு குத்துக் கொள்ளோடு வருவார். குதிரைப் பக்கம் திரும்பவே மாட்டார். டப்பாவைக் கடகடவென்று ஆட்டிவிட்டு எதிர்த்திசையில் நடப்பார். "குதிரை பிடிக்கப் போறவன் குதிரையப் பாக்கப்பிடாதுவே. கடன் கேக்கப் போனவன் பெட்டியப் பாப்பானா?" அவர் சொல்லி முடிப்பதற்குள் குதிரை அவர் தோளில் மூக்கை உரசிக்கொண்டு வந்துகொண்டிருக்கும்.

ஒருதடவை அது வண்ணார்பேட்டை தாண்டி, 1843இல் சுலோச்சன முதலியார் தன் கைக்காசில் கட்டிக்கொடுத்த தாமிரபரணிப் பாலத்தில் ஏறிவிட்டது. காலை ஒன்பது மணி. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, ஆட்டோக்காரர்களைவிட ஒழுங்காக இடது ஓரமாகவே ஜங்ஷனைப் பார்த்து நடந்தது. "தாத்தா ஓட்டுன தடம்வே, ரத்தத்துல இருக்கு" என்று கண் கலங்கினார் அண்ணாச்சி. அந்த ரத்தத்தில் மற்ற வீட்டுச் செம்பருத்தி எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டுத் தொழுவில் அடைத்துவிட்டார்கள். அண்ணாச்சி வெட்கப்படுவார் என்று நினைத்தால், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். யாரோ வக்கீல் குமாஸ்தா சொல்லியிருக்கிறார்: 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் எதெல்லாம் கால்நடை என்று பட்டியல் உண்டு, யானையும் ஒட்டகமும் தொடங்கி ஆட்டுக்குட்டி வரை. குதிரை வேறு, மட்டக்குதிரை வேறு என்று அதில் தனித்தனியாகவே இருக்கிறது. "நம்ம பயலுக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கான்வே வெள்ளைக்காரன்!" ஏழு நாளில் ஆள் வராவிட்டால் அறிவிப்பு ஒட்டி, இன்னும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீனிச் செலவையும் அபராதத்தையும் கட்டி ஓட்டிவந்தவர், "இளைச்சிட்டான்" என்று அன்றிரவு இட்லியும் சொதியும் ஊட்டினார்.

அந்த இட்லியில்தான் வினை. மறுநாள் குதிரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டது. கால்நடை டாக்டர் வந்து அண்ணாச்சியைப் பிடிபிடி என்று பிடித்தார். எனக்கு மார்க்கோ போலோ ஞாபகம் வந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், இதே தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பாண்டிய ராஜாக்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். வாங்கியவை நிலைக்கவில்லை, இந்தச் சீமைக்காரர்கள் சோறும் கறியும் ஆக்கிப் போட்டே குதிரைகளைச் சாகடிக்கிறார்கள் என்று எழுதிவைத்தான் அந்த வெனிஸ்காரன். அண்ணாச்சி வீட்டு அடுக்களையை அன்றைக்கே எட்டிப் பார்த்திருக்கிறான் போல.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குதிரை கூட்டத்தோடு வாழ்கிற ஜீவன், ஒற்றையில் கட்டிப்போட்டால் துணை தேடி அவிழ்த்துக்கொண்டுதான் போகும், பக்கத்தில் ஓர் ஆட்டையாவது கட்டுங்கள் என்றார். நாங்கள் தெருவோடு அவரைக் கும்பிட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி மேலப்பாளையம் சந்தைக்குப் போய், கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த வெள்ளாடு ஒன்றை ஓட்டிவந்தார். ஆடும் குதிரையும் மூஞ்சியோடு மூஞ்சி வைத்துக்கொண்டு நின்றன. ஒரு வாரம் தெரு அமைதியாக இருந்தது.

எட்டாம் நாள் காலை பால் வாங்கப் போகையில் பார்த்தேன். லாயத்தில் கயிறு மட்டும் கிடந்தது. அண்ணாச்சி வீட்டுச் செம்பருத்தி குச்சி குச்சியாக நின்றது.

"அண்ணாச்சி, ரெண்டையும் காணல!"

அவர் பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பின்ன? துணைக்குத்தானவே ஆடு வாங்குனது."