பாதபோதம்

வெள்ளாற்றின் வடபுறம், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே இருக்கிறது பெண்ணாடம். தேவாரக் காலத்துப் பெயர் பெண்ணாகடம். கோயிலின் பெயர் திருத்தூங்கானை மாடம். அறுபத்து மூவரில் ஒருவரான கலிக்கம்ப நாயனார் இந்த ஊர்க்காரர். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் செய்த மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளரும் இந்த ஊர்க்காரரே. முன்னவர் அடியார்களின் கால் கழுவுவதைத் தொண்டாகக் கொண்டவர். மெய்கண்டாரின் நூல், ஒன்றைச் சொன்னால் அதற்கு மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு மூன்றும் தரவேண்டும் என்ற ஒழுங்கில் படிக்கப்படுவது. தடித்த ஷூவில் ஓடிப் பழகியவர் வெறுங்காலை ஒத்த மெல்லடிக் காலணிக்கு எப்படி மாறவேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு மரபும் தேவை. காலையும் கவனிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும்.

முதலில் பொருள் எது என்று வரையறுப்போம். கடையில் ஸ்போர்ட்ஸ் ஷூ என்று கேட்டால் தரப்படும் ஓட்டக் காலணியில் குதிங்கால் முன்பாதத்தைவிட ஏறக்குறைய 10 அல்லது 12 மி.மீ. உயர்ந்திருக்கும். அடியில் மெத்தை, உள்வளைவுக்கு முட்டு, முனையில் விரல்களை நெருக்கும் குறுக்கல். மெல்லடிக் காலணியில் குதி உயரம் பூச்சியம், அல்லது சில மி.மீ. அடி மெல்லியது, கையால் சுருட்டினால் சுருளும், விரல்கள் விரிய இடம் இருக்கும். 2015-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கூடி இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். எடை, வளையும் தன்மை, அடியின் தடிமன், குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, காலைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுகள் ஆகிய ஐந்தையும் அளந்து மதிப்பெண் போடுவது அந்த முறை.

இந்த ஐந்தையும் வைத்து நம் ஊர்க் காலணிகளை அளந்து பார்ப்பது பயனுள்ள வேலை. டயர் செருப்பு குதி உயரத்தில் முழு மதிப்பெண் வாங்கும். வளைவதிலும் எடையிலும் தோற்கும். மெக்சிகோ மலைகளில் நெடுந்தூரம் ஓடும் தாராஉமாரா மக்களும் பழைய டயரை வெட்டித்தான் செருப்பு செய்கிறார்கள். ஆனால் அதை வாரால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், ஆகவே அது ஓடும்போது நழுவாது. நம் ஹவாய் செருப்பு எடையிலும் வளைவதிலும் தேறும். ஆனால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் வாரைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் நடக்கலாம், ஓடக் கூடாது.

இனி மேற்கோள். பாதம், எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும்.

உயிருக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் இயல்பு இது. பாதத்துக்கும் இது பொருந்துகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஏது என்னவென்றால், ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் அவற்றைக் கட்டும் நாண்களும் சிறு தசைகளும் உள்ளன. வேலை கொடுத்தால் இவை வலுக்கும். வேலையை ஷூவே செய்துகொண்டால் மெலியும். எடுத்துக்காட்டுக்கு மணிப்பாலைப் பார்க்கலாம். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி, செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. 1995-இல் சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ச்சி முடிந்த 1,846 பேரிடம் இதையே ஆராய்ந்தார்கள். 16 வயதுக்குப் பிறகு ஷூ அணியத் தொடங்கியவர்களைவிட, சிறுவயதிலேயே தொடங்கியவர்களிடம் தட்டைப்பாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் இந்த இரண்டு ஆய்வுகளும் நம் நாட்டுக் கால்களில் செய்யப்பட்டவை. நம் ஓட்டக்காரர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் ஒருவர், அப்படியானால் நாளைக் காலையே ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளாற்றுப் பாலம் வரை ஓடிவிடலாமே என்று தடை எழுப்புவார். மேற்கோளைச் சரியாகப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. இருபது ஆண்டு ஷூவைச் சார்ந்த கால் ஷூவின் வண்ணமாக ஆகியிருக்கிறது. சிறுவயதில் கரிசல் வயலில் வெறுங்காலோடு திரிந்தேன் என்பது உண்மையாக இருக்கலாம். பிறகு விருத்தாசலத்துக்கோ சென்னைக்கோ போய் ஷூ மாட்டிக்கொண்ட நாள் முதல் அந்தக் கால் வேறு கால்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேர். அவர்களில் 19 பேர் 10 வாரத்தில், படிப்படியாகவே, விரல்கள் தனித்தனியே நுழையும் மெல்லடிக் காலணியான ஐந்துவிரல் காலணிக்கு மாறினார்கள். மற்றவர்கள் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோப்பு கூடியிருந்தது. எலும்பு தாங்க முடியாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பழைய ஷூக்காரர்களிடம் இது அரிதாகவே இருந்தது. படிப்படியாக மாறியும் பத்து வாரம் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதே இந்தச் சிறுநூலின் நடுப்பொருள். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். உள்ளங்கால் தோலும் விரைவில் தடிக்கும். ஆடுசதைக்கு ஒன்றிரண்டு மாதம். குதிங்காலை ஆடுசதையோடு இணைக்கும் தடித்த நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அதற்குப் பல மாதம். எலும்பு எல்லாவற்றிலும் தாமதம், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும். அதன் பிறகே புதிதாகக் கட்டும். கரைப்பு முடிந்து கட்டுமானம் முடியாத இடைக்காலத்தில் அது தொடக்கத்தில் இருந்ததைவிட மெலிந்திருக்கும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஓட்டக்காரருக்கோ ஆறாவது வாரத்தில் மூச்சு நன்றாக இருக்கிறது, தோல் தடித்துவிட்டது, மனம் பறக்கிறது. நடுப்பாத எலும்பில் மயிரிழை முறிவு விழுவதற்கு அதுவே ஏற்ற வேளை. பழகியது மூச்சு, சுமப்பது எலும்பு.

வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்கிறவர்கள் அபேபே பிக்கிலாவைக் காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அந்த எத்தியோப்பியர் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி வென்றார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் வென்றதை அவர்கள் சொல்வதில்லை. இரண்டிலும் வென்றது பழகிய கால். 2010-இல் நேச்சர் இதழில் டேனியல் லீபர்மன் குழு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதால் தரையின் மோதல் குறைகிறது என்று காட்டியது உண்மை. 2013-இல், வெறுங்காலிலேயே பழகிய வட கென்யாவின் தாசானச் மக்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தமக்கு வசதியான வேகத்தில் குதியையே முதலில் ஊன்றினார்கள் என்பதும் உண்மை. ஆகவே முன்பாதத்தில்தான் ஓடவேண்டும் என்று யாரேனும் விரட்டினால் கேட்கத் தேவையில்லை. ஐந்துவிரல் காலணி விற்ற நிறுவனம் காயம் குறையும், கால் வலுக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்தது; தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. காலணி தானாக எதையும் தராது.

படிப்படியாக வெறுங்காலுக்கு மாறும் முறை நமக்குப் புதிதா? ஒவ்வொரு கார்த்திகையும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். ஒரு மண்டலம், 41 நாள், வீட்டிலும் கடையிலும் வயலிலும் பேருந்து நிலையத்திலும் வெறுங்கால். பிறகே பம்பையிலிருந்து ஏற்றம். இன்னும் உறுதியுள்ளவர்கள் எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகக் காட்டுப்பாதை. பாதத்தின் தோலையும் சிறு தசைகளையும் மலைக்கு ஆயத்தம் செய்ய இதைவிட நல்ல முறையை எந்தப் பயிற்சியாளரும் வகுத்திருக்க முடியாது. அதில் குறித்த நாள் இருக்கிறது, அன்றாட நடை இருக்கிறது, உடன் நடக்கும் குருசாமி இருக்கிறார், அவசரம் இல்லை. இந்த முறையை ஓட்டக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. ஒரே ஒரு திருத்தம்: மண்டலம் நடைக்குப் போதும், ஓட்டத்துக்குப் போதாது. ஓடும்போது ஒவ்வோர் ஊன்றலிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஓட்டத்துக்கு ஒரு மண்டலத்தை முன்னுரையாகக் கொண்டு, மேலும் மூன்று மண்டலமாவது சேர்க்க வேண்டும்.

பெண்ணாடத்துக்கு ஏற்ற காலம் மார்கழிக் கடைசி. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். ஈரமண்ணில் வெறுங்கால் வைத்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் வயல் வரப்பில் இந்தப் பயிற்சி வேண்டாம். அப்போது தொடங்கித் தை முழுதும் மெல்லடிக் காலணியில் நடை மட்டும். மாசியில் வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், கால் களைப்பதற்கு முன் முதல் அரை கிலோமீட்டரை மட்டும் புதிய காலணியில் ஓடிவிட்டு, மிச்சத்தைப் பழைய ஷூவில் ஓடலாம். பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. சித்திரையில் தார்ச்சாலை சூடேறுமுன், வெயில் தலைகாட்டும்போதே முடித்துவிட வேண்டும். ஆடியில் மொத்த ஓட்டத்தில் பாதி புதிய காலணிக்கு வந்திருந்தால் அது நல்ல வேகம்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணல் மெத்தென்று இருப்பதால் ஆற்றில் தொடங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்த மணலில் குதி புதையும், குதிநாண் அளவுக்கு மீறி இழுபடும். கெட்டியான மண்பாதையோ பள்ளி மைதானமோ நல்லது. நெருஞ்சி பூத்த தரிசு, சீமைக்கருவேலம் வெட்டிய இடம், கரும்பு வெட்டி அடிக்கட்டை நிற்கும் வயல் ஆகிய மூன்றிலும் மெல்லடிக் காலணி காப்பாற்றாது. வாசற்படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை உயர்த்தி, மெல்லத் தாழ்த்தும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். ஆடுசதையில் பரவலாக வலித்து இரண்டு நாளில் போனால் அது பழக்கம். நடுப்பாதத்தின் மேற்புறம் ஒரே இடத்தில், ஒரு விரலால் தொட்டுக்காட்டும்படி வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த நூலுக்கு உரியவர் அல்லாதார் ஒரு வகையினர் உண்டு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்கள் அழிவது கிருமியால் நேராக அல்ல, வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயத்தால் என்று நிறுவினார். அதே நியாயம் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் பொருந்தும். வெறுங்கால் ஓட்டம் முழுவதும் வலியைக் கேட்டு நடப்பது; வலி கேட்காத காலுக்கு அது ஆகாது. அவர்களுக்கு மருத்துவமனை தரும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பே சரியான காலணி, அதில் நடப்பதே சரியான பயிற்சி.

மற்ற எல்லோருக்கும் இரவுக் கடமை ஒன்று. கலிக்கம்பர் அடியார்களின் கால் கழுவும்போது, முன்பு தம் வீட்டில் வேலை செய்து விலகிப்போனவர் அடியார் கோலத்தில் வந்தார். நீர் வார்க்க மனைவி தயங்கினார். அவர் கையை நாயனார் வெட்டினார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கைக்காக வருந்தாமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை. ஆனாலும் எந்தக் காலும் கழுவத் தகுதியற்றதல்ல என்ற அவரது உறுதியை ஏற்கிறேன். ஓடுகிறவர் தினமும் உட்கார்ந்து தம் இரு கால்களையும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முள், கொப்பளம், பித்தவெடிப்பு, வீக்கம் எதுவும் அப்போதே கண்ணில் படும்.

கடைசியாக, காவலர் தேர்வுக்கு விடியலில் ஓடும் பிள்ளைகளுக்கு. ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இந்த வேகத்துக்குப் புதுக் காலணி வேண்டியதில்லை. தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தால் மேலே சொன்னபடி மெல்லத் தொடங்குங்கள். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், எந்த ஷூவில் பழகினீர்களோ அதிலேயே ஓடுங்கள். வெறுங்காலில் பழகியிருந்தால் வெறுங்காலிலேயே ஓடுங்கள். நண்பன் வாங்கினான் என்று கடைசி வாரத்தில் காலணியை மாற்றாதீர்கள்.